கோச்சுடன் 12 வாரம்: வாழ்வின் நோக்கத்தைத் தேட முழுமையான வழிகாட்டி

"எல்லாம் இருக்கு, ஆனா எதுக்குன்னுதான் தெரியல." வாழ்க்கை முடிவுகளில் கேள்வி கேட்டு வழித்துணையாக இருக்கும் லைஃப் கோச்சிடம் முதல் முறை பேசுபவர்கள் பலரின் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வேலை நிலையானது. வீட்டுக் கடனில் பாதி அடைந்துவிட்டது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் மனசு கனக்கிறது. இன்னும் இருபது வருடம் இதையேதான் செய்யப்போகிறோமா என்ற கேள்வி தூங்கவிடுவதில்லை.

இந்தக் கேள்வியோடு ஒரு லைஃப் கோச்சிடம் போனால் என்ன நடக்கும், எவ்வளவு நேரம் பிடிக்கும், நீங்கள் என்ன செய்ய வேண்டும், எங்கே தவறிப்போகும் என்று வரிசையாகச் சொல்கிறோம். கோச் உங்கள் நோக்கத்தைக் கண்டுபிடித்துக் கையில் கொடுக்கமாட்டார். உட்கார்ந்து யோசித்தாலும் அது வராது. ஒரு யூகத்தை வைத்துக்கொண்டு, சின்னதாக ஒன்றைச் செய்துபார்த்து, மனசும் உடம்பும் அதற்கு எப்படி இசைகின்றன என்று கவனித்து, யூகத்தைத் திருத்தித் திருத்தித்தான் அது தெளிகிறது. அந்தத் திருத்தத்தில் நீங்கள் உங்களையே ஏமாற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது கோச்சின் வேலை. கீழே வரும் 12 வாரத் திட்டத்தில் கோச்சோடு பேசுவது 8 மணி நேரம். நீங்களாகச் செய்வது வாரம் 3 மணி நேரம் வீதம் 36 மணி நேரம். அந்த 36 மணி நேரத்தை ஒதுக்க முடியாத காலம் என்றால், பணம் கட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.

முதலில்: இது கோச்சிடம் கொண்டுபோகும் விஷயம்தானா?

"நோக்கம் இல்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கும். ஒன்று, உடம்பும் மனசும் ஓய்ந்துபோன சோர்வு, அல்லது மனச்சோர்வு நோய். இரண்டு, வேலை பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் இந்த மேலாளரோடு, இந்த நேரத்தில், இந்தச் சம்பளத்துக்குச் செய்ய முடியவில்லை என்ற நிலை. மூன்றாவதுதான் உண்மையான தேடல். கோச் உதவுவது பெரும்பாலும் மூன்றாவதற்கு. இரண்டாவதற்கு வேலை மாற்றமோ, மேலாளரோடு ஒரு நேர்ப்பேச்சோ போதும். முதலாவதற்குக் கோச்சிடம் போனால் நஷ்டம்தான் வரும். நோயில் இருப்பவருக்கு எந்தக் கேள்விக்கும் "எதுவும் பிடிக்கல" என்றுதான் பதில் வரும். அதை "நோக்கம் இல்லாமை" என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், கோச் காத்திருக்கட்டும். 9-ஆவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணங்கள் பற்றியது. அதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416. 2022-இல் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. தூக்கம், தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் அலுப்பை வாழ்க்கைப் பிரச்சினை என்று நினைத்து உழல்பவர்கள் இருக்கிறார்கள்.

கோச்சைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகத் தொழில்செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். கோச்சுக்கு அப்படி எந்தச் சட்டப் பதிவும் கிடையாது. இன்று காலை பெயர்ப்பலகை மாட்டினால் இன்று மாலையே கோச். அதனால் விசாரிக்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்.

உலக அளவில் அதிகம் அறியப்பட்ட தகுதிச் சான்று, 1995-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் தருவது. அதில் மூன்று படிகள். முதல் படியான ஏ.சி.சி. வாங்க 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். பி.சி.சி.க்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். எம்.சி.சி.க்கு 200 மணி நேரப் பயிற்சி, 2,500 மணி நேர அனுபவம். 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஒருவர் சொல்வது உண்மையா என்று அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பெயர் போட்டுப் பார்க்கலாம். வார இறுதியில் 2 நாள் உட்கார்ந்து வாங்கிய சான்றிதழுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அந்த மணிக்கணக்கே சொல்லும். சான்று இல்லாத நல்ல கோச்சுகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைத் தெரிந்துகொள்ள, அவர்களிடம் 3 மாதத்துக்கு மேல் பழகிய இரண்டு பேரிடமாவது நீங்கள் நேரில் பேச வேண்டும்.

கட்டணமில்லாத அறிமுக அழைப்பு 20, 30 நிமிடம் இருக்கும். குறைந்தது மூன்று பேரிடம் பேசுங்கள். கேட்க வேண்டியவை: இதற்கென்று எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள், யாரிடம்? நான் சொல்வது வெளியே போகாது என்பதற்கு விதிவிலக்கு என்ன? எப்போது என்னை மனநல மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? கோச்சிங் சரிவராமல் போன ஒரு சந்தர்ப்பத்தை, பெயர் சொல்லாமல், சொல்ல முடியுமா? கடைசிக் கேள்வி முக்கியமானது. "எனக்கு அப்படி ஆனதே இல்லை" என்று சொல்பவரை விட்டுவிடுங்கள்.

அழைப்பு முடிந்ததும் ஒரு கணக்கு போடுங்கள்: யார் அதிகம் பேசினார்கள்? 30 நிமிடத்தில் 20 நிமிடமாவது நீங்கள் பேசியிருக்க வேண்டும். அவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டே போனார், உங்கள் நோக்கம் இதுதான் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார், "இன்னிக்கு ராத்திரி 12 மணிக்குள்ள கட்டினா பாதி விலை" என்றார், சேர்ந்த பின் நீங்களும் ஆள் சேர்த்தால் கமிஷன் என்றார் – இதில் ஏதாவது ஒன்று நடந்தாலும் போதும், விலகிக்கொள்ளுங்கள். பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களை எழுந்து நின்று கைதட்ட வைக்கும் நிகழ்ச்சிகள் உற்சாகம் தரும். ஆனால் அவற்றுக்கும் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து செய்யும் இந்த வேலைக்கும் தொடர்பு குறைவு.

மொழியையும் பாருங்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் சரளமாக வரும். ஆனால் அப்பாவோடு பத்து வருடமாகப் பேசாமல் இருப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லும்போது அது ஒரு அறிக்கை மாதிரி ஆகிவிடும். தமிழில் கேட்டு, தமிழில் திருப்பிக் கேட்கக்கூடிய கோச் கிடைத்தால், ஒரு படி குறைந்த சான்று இருந்தாலும் அவரைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் விடாதீர்கள்; ஒரு பக்க ஒப்பந்தம் போதும். எத்தனை அமர்வு, எவ்வளவு நேரம், எந்த இடைவெளி. மொத்தக் கட்டணம், அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா சேராததா. அமர்வை ரத்து செய்ய எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் (24 மணி நேரம் வழக்கம்). பதிவு செய்வார்களா, செய்தால் யார் கேட்பார்கள். பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் எப்படித் திரும்பும். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டாமல், 2 அமர்வுக்கு மட்டும் கட்டி, பிறகு மீதியைக் கட்டும்படி கேளுங்கள். நிறைய பேர் ஒத்துக்கொள்வார்கள்.

உங்கள் நிறுவனம் பணம் கட்டுகிறது என்றால் இன்னொரு வரி சேர வேண்டும்: மேலாளருக்கோ எச்.ஆருக்கோ என்ன போகும்? எத்தனை அமர்வு நடந்தது என்பது மட்டும் போகலாம், பேசியது போகக்கூடாது. இது எழுத்தில் இல்லாவிட்டால் "வேலையை விடலாமா" என்று நீங்கள் அங்கே வாய் திறக்கமாட்டீர்கள். அப்புறம் நோக்கத்தைப் பற்றி என்ன பேச முடியும்?

முதல் அமர்வுக்கு முன் 14 நாள்

ஒரு 80 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மொபைலில் எழுதினால் பாதியில் வாட்ஸ்அப் இழுத்துவிடும். நோட்டில் நான்கு பத்தி: நேரம், என்ன செய்தேன், யாரோடு, தெம்பு. தெம்புக்கு -2 முதல் +2 வரை மதிப்பெண். ஒரு நாளைக்கு 5 வரி, 14 நாள், மொத்தம் 70 வரி. இரவு படுக்கும்முன் மொத்தமாக எழுதினால் நாள் முழுவதற்கும் ஒரே நிறம் வந்துவிடும். அதனால் காலை, மதியச் சாப்பாடு, மாலை டீ என்று மூன்று நேரம் பிரித்து எழுதுங்கள்.

உதாரணத்துக்குத் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருக்கும் 38 வயதுக்காரரை வைத்துக்கொள்வோம். அவர் நோட்டின் ஒரு பக்கம்: "10.15, மண்டல அலுவலகத்துக்கு ரிப்போர்ட், தனியாக, -1. 12.00, வாடிக்கையாளர் சண்டை, -2. 3.30, புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அடமானப் பத்திரம் படிக்கச் சொல்லிக்கொடுத்தது, +2. 5.45, மீட்டிங், 12 பேர், -1. 9.00, மகளுக்குக் கணக்கு, 0." இந்த ஆளை நாம் இன்னும் கொஞ்ச தூரம் கூடவே கூட்டிப்போவோம். அவர் "சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும்" என்று நினைத்துக்கொண்டு வருகிறார். அவர் நோட்டிலேயே ஒரு முரண் இருக்கிறது: பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் +2, மகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் 0. நல்ல கோச் அங்கேதான் விரல் வைப்பார்.

இதோடு உளவியலாளர் மைக்கேல் ஸ்டெகர் குழு 2006-இல் வெளியிட்ட, வாழ்வின் பொருள் பற்றிய 10 கேள்வித் தாளையும் ஒரு முறை நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. 1, 4, 5, 6, 9 ஆகிய கேள்விகள் பொருள் "இருப்பது" பற்றியவை. மற்ற ஐந்தும் "தேடுவது" பற்றியவை. 9-ஆவது கேள்வி எதிர்மறையானது. அதற்குப் போட்ட எண்ணை 8-இலிருந்து கழித்துச் சேர்க்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம், மறந்தால் கணக்கே தலைகீழ். இரண்டு கூட்டுத்தொகையையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். 12-ஆவது வாரம் மறுபடி தேவைப்படும்.

அமர்வுகள்: 1, 2, 3, 4-ஆம் வாரங்களில் ஒவ்வொன்று, பிறகு 6, 8, 10, 12

முதல் அமர்வில் இலக்கை வார்த்தைப்படுத்த வேண்டும். "என் வாழ்வின் நோக்கம் என்ன" என்பது 12 வாரத்துக்குள் அடங்கும் கேள்வி அல்ல. "எந்த மூன்று திசைகளைச் சோதித்துப் பார்ப்பது, அதில் எதைத் தொடர்வது" என்பது அடங்கும். முடிவில் கையில் என்ன இருக்க வேண்டும் என்று கோச் கேட்பார். "தெளிவு" என்று சொல்லாதீர்கள். "தொடரலாம் என்று முடிவுசெய்த ஒரு வேலை, அதற்கு வாரத்தில் ஒதுக்கிய நேரம், வீட்டில் பேசி முடித்தது" என்று மூன்றாக உடைத்துச் சொல்லுங்கள்.

ஒரு 60 நிமிட அமர்வு சுமாராக இப்படிப் போகும்: முதல் 10 நிமிடம் போன முறை ஒத்துக்கொண்டது நடந்ததா, 5 நிமிடம் இன்றைக்கு எதைப் பேசுவது, 30 நிமிடம் அதை அலசுவது, 10 நிமிடம் என்னென்ன வழி, கடைசி 5 நிமிடம் எதை, எந்த நாள், எத்தனை மணிக்குச் செய்வது. அந்தக் கடைசி 5 நிமிடம் பேச்சு நீண்டு விழுங்கப்பட்டுவிடும். கடிகாரத்தை நீங்களும் பாருங்கள்.

இரண்டாம் அமர்வு பழைய கதை. ஒரு நீளக் கோடு போட்டு, 5 வயது முதல் இன்றுவரை, நேரம் போனதே தெரியாமல் செய்த 6 தருணங்களையும், அடிபட்ட 4 தருணங்களையும் குறியுங்கள். வேலையாக இருக்க வேண்டும் என்றில்லை. ஊர்த் திருவிழாவில் அன்னதானப் பந்தியைப் பார்த்துக்கொண்டது, தாத்தாவின் ஆஸ்பத்திரி நாட்கள், கல்லூரிச் சுவர்ப்பத்திரிகை என்று எதுவும் வரலாம். கோச் இங்கே எப்படிக் கேட்பார் என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். நம் திருச்சிக்காரர்:

"எனக்குச் சொல்லிக்கொடுக்கறது பிடிக்கும் சார். வாத்தியாரா போயிருக்கணும்."

"கடைசியா எப்போ சொல்லிக்கொடுத்தீங்க?"

"போன வாரம். புதுப் பையனுக்குப் பத்திரம் படிக்க."

"அதுல எந்த நிமிஷம் நல்லா இருந்துச்சு?"

(இந்த இடத்தில் வரும் மௌனத்தை நல்ல கோச் கலைக்கமாட்டார்.)

"நான் சொல்லும்போது இல்ல. மறுநாள் அவனே ஒரு ஃபைல எடுத்துட்டு வந்து, 'சார், இதுல வில்லங்கச் சான்றிதழ் 13 வருஷத்துக்குத்தான் இருக்கு'ன்னான். அவனாவே கண்டுபிடிச்சான். அப்போ."

"பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது அந்த நிமிஷம் வருதா?"

"இல்லைங்க. அங்க மார்க்குதான் வருது."

ஒரு பட்டம் வாங்கி வாத்தியாராகும் யோசனை இந்த ஏழு வரியில் வேறொன்றாக மாறிவிட்டது. கோச் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "ஏன்" என்றும் கேட்கவில்லை. "எப்போது", "எந்த நிமிஷம்" என்றுதான் கேட்டார். "ஏன்" என்று கேட்டால் நாம் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

மூன்றாம் அமர்வு மதிப்பீடுகள், அதாவது எதை விட்டுக்கொடுக்கமாட்டீர்கள் என்பது. அவற்றைச் சீட்டுகளில் எழுதிப் பிரிக்க வேண்டும்; சீட்டைக் கடையில் வாங்க வேண்டாம். 7 ஏ-4 தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் 56 சீட்டு. 50-இல் ஒரு சொல் வீதம்: நேர்மை, சுதந்திரம், பாதுகாப்பு, கைத்திறன், நீதி, பக்தி, நட்பு, செல்வாக்கு, அழகு, கற்றல், அமைதி, சம்பாத்தியம், பெற்றோர் என்று. 6 சீட்டை வெறுமையாக விடுங்கள்; உங்கள் சொல் அதில் வரும். மிக முக்கியம், முக்கியம், அவ்வளவாக இல்லை என்று மூன்று குவியல். முதல் குவியலில் 10-க்கு மேல் கூடாது. அதை 5 ஆக்குங்கள். ஒவ்வொரு சீட்டை எடுத்து வைக்கும்போதும் ஏன் விடுகிறேன் என்று ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வாக்கியங்களில்தான் விஷயம் இருக்கிறது. கோச் அவற்றை எழுதிக்கொள்வார்.

இங்கே நம்மவர்கள் பலர் சறுக்குவார்கள். கையில் மிஞ்சிய ஐந்து சீட்டும் நாலு பேர் மெச்சுகிற ஐந்தாக இருக்கும்: குடும்பம், நேர்மை, சேவை, கடவுள், உழைப்பு. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அவை உங்களுடையவைதானா என்று சோதிக்க இரண்டு வழி. முதலாவது: இதை நான் கடைப்பிடிப்பது யாருக்கும் எப்போதும் தெரியாது என்றாலும் இந்தச் சீட்டை வைத்துக்கொள்வேனா? இரண்டாவது: கடந்த 3 மாத வங்கிக் கணக்கும் யு.பி.ஐ. செலவும் எடுத்து, ஒவ்வொரு சீட்டுக்கும் அதில் சாட்சி தேடுங்கள். "கற்றல்" என்று எழுதியவரின் மூன்று மாதச் செலவில் ஒரு புத்தகமும் ஒரு வகுப்பும் இல்லையென்றால், அது ஆசை. ஆசையாக இருப்பதில் தப்பில்லை, அதற்குத் தனிக் குவியல் போடுங்கள். "சம்பாத்தியம்" என்ற சீட்டைக் கூச்சப்பட்டு ஒளிக்காதீர்கள். அதை ஒளித்துவிட்டுப் போடும் திட்டம் எல்லாம் ஆறு மாதத்தில் உடையும்.

நான்காம் அமர்வில் முதல் வரைவு வாக்கியம். யாருக்கு, எதைச் செய்து, அவர்களிடம் என்ன மாறும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். 20 சொல்லுக்குள். பதவிப் பெயர் கூடாது. "உலகம்", "சமுதாயம்", "எல்லாரும்" கூடாது. "சமுதாயத்துக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. திருச்சிக்காரரின் வரைவு: "ஒரு வேலையைப் புதிதாகக் கற்பவர், பயமில்லாமல் தனியே செய்யும்வரை பக்கத்தில் நிற்பது." இது முதல் வரைவுதான். பென்சிலில் எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தில் பல கோச்சுகள் நான்கு வட்டம் கொண்ட "இகிகாய்" படத்தை நீட்டுவார்கள்: பிடித்தது, திறமையுள்ளது, உலகுக்குத் தேவையானது, சம்பளம் தருவது. அந்த நான்கு வட்டப் படம் ஜப்பானிலிருந்து வந்ததல்ல. ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா "நோக்கம்" பற்றி வரைந்த படத்தில், 2014-இல் மார்க் வின் என்பவர் நடுவில் இருந்த சொல்லை மாற்றி எழுதியதால் பரவியது. ஜப்பானில் மனநல மருத்துவர் மியேகோ காமியா தொழுநோயாளிகள் தங்கியிருந்த மருத்துவமனையில் பணியாற்றி, 1966-இல் இகிகாய் பற்றி எழுதினார். அந்தச் சொல்லுக்குச் சம்பளம் கட்டாயமே இல்லை. பேரப்பிள்ளையும் காலைத் தேநீரும்கூட இகிகாய் ஆகலாம். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு: நான்கு வட்டமும் சந்திக்கும் ஒரே புள்ளியைத் தேடி, கிடைக்காமல், "எனக்கு நோக்கமே இல்லை போல" என்று பலர் உடைந்துபோகிறார்கள். சம்பளம் ஒரு இடத்திலும் நோக்கம் இன்னொரு இடத்திலும் இருப்பது குறை அல்ல.

சோதனைகள்: 4-ஆம் வாரம் முதல் 10-ஆம் வாரம் வரை

இந்தத் திட்டத்தின் உயிர் இங்கேதான். இரண்டு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று சோதனை. விதிகள் சில. 14 நாளில் முடிய வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் செலவாகக்கூடாது. கண்ணெதிரே இன்னொரு மனிதர் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பது சோதனை அல்ல. வேண்டாம் என்றால் சேதமில்லாமல் விட்டுவிட முடிய வேண்டும். ராஜினாமா சோதனை அல்ல.

செய்வதற்கு முன் ஒரு யூகம் எழுதிவையுங்கள்: "இதைச் செய்தபின் என் தெம்பு +1 இருக்கும், மறுபடி செய்யத் தோன்றும்." எழுதாவிட்டால், நடந்ததற்கு ஏற்றபடி நினைவு தன்னை மாற்றிக்கொள்ளும். முடிந்த அன்றும் மூன்று நாள் கழித்தும் தெம்பு எண்ணைக் குறியுங்கள். புதுமையின் சிலிர்ப்பு அன்றைக்கு +2 காட்டும். மூன்று நாள் கழித்தும் மனம் அங்கே திரும்பிப் போகிறதா என்பதுதான் பொருட்படுத்த வேண்டியது.

முதல் சோதனைக்கு முன், அந்த வேலையை ஏற்கெனவே செய்யும் இரண்டு பேரிடம் 20 நிமிடம் பேசுங்கள். "இந்த வேலை எப்படி?" என்று கேட்டால் பெருமையோ புலம்பலோதான் கிடைக்கும். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ராத்திரிவரை என்னென்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். இயற்கை விவசாயம் செய்ய நினைத்த பலருக்கு, அதில் பாதி நாள் ஆள் தேடுவதிலும் வண்டி பேசுவதிலும் போகும் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை சொல்லிவிடும்.

திருச்சிக்காரரின் மூன்று சோதனை இப்படி இருக்கலாம். ஒன்று: ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் 8 பேருக்கு இரண்டு ஞாயிறு, தலா 90 நிமிடம், கணக்குப் பகுதி. யூகம் +2, வந்தது -1. கூட்டம் அவரை உறிஞ்சியது. இரண்டு: அந்த எட்டில் ஒரு பையனோடு மட்டும் மூன்று முறை உட்கார்ந்து, நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்தது. +1, மூன்று நாள் கழித்து +2. மூன்று: வங்கிக்கு வெளியே, தெருவில் தையல் கடை தொடங்கப்போகும் ஒரு அம்மாவுக்குக் கடன் விண்ணப்பத்தை அந்த அம்மாவே நிரப்பும்வரை கூட இருந்தது. +2, +2. முதல் சோதனை தோற்றது அவருக்கு மிகப் பெரிய லாபம். அது இல்லாமல் பி.எட். சேர்ந்திருப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அரசு ஊழியர்களும் பொதுத்துறை வங்கி ஊழியர்களும் அனுமதியில்லாமல் வெளியில் சம்பளத்துக்கு வேலை செய்ய நடத்தை விதிகள் இடம் கொடுப்பதில்லை. தனியார் நியமனக் கடிதங்களிலும் இப்படி ஒரு ஷரத்து இருக்கும். சோதனைகளைச் சம்பளமில்லாமல் செய்யுங்கள், அல்லது எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது

முதல் அமர்வு முடிந்த சூட்டில் சொல்லாதீர்கள். "நோக்கத்தைத் தேடுறேன்" என்ற வார்த்தை மனைவி அல்லது கணவர் காதில் "வேலையை விடப்போறேன்" என்றுதான் விழும். அம்மாவுக்குச் சாமியார் பயம் வரும். முதல் சோதனை முடிந்து, கையில் ஏதோ ஒன்று இருக்கும்போது சொல்லுங்கள். மூன்று உத்தரவாதத்தோடு ஆரம்பியுங்கள்: இந்த 12 வாரத்தில் வேலையில் எந்த மாற்றமும் இல்லை, வாரத்தில் இந்த 3 மணி நேரம் மட்டும் எனக்கு வேண்டும், மொத்தச் செலவு இவ்வளவு. பிறகு கேளுங்கள்: "நான் எதைச் செய்யும்போது சந்தோஷமா இருக்கிறதா உனக்குத் தோணுது?" இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் சில சமயம் ஒரு அமர்வுக்குச் சமம்.

பெரிய மாற்றம் தேவைப்படும் என்று தெரிந்தால், பண ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யுங்கள். 6 மாத வீட்டுச் செலவு, அதில் இ.எம்.ஐ.யும் பள்ளிக் கட்டணமும் சேர்த்து, தனிக் கணக்கில் இருக்க வேண்டும். நிறுவனக் காப்பீடு போனால் மாற்றுக் காப்பீடு, காத்திருப்புக் காலம் கழிந்ததாக, இருக்க வேண்டும். பணிக்கொடைக்குப் பொதுவாக 5 ஆண்டுத் தொடர் பணி வேண்டும். நான்கு வருடத்தில் ஆவேசப்பட்டுக் கிளம்புவதற்குமுன் தேதியைப் பாருங்கள். தங்கையின் கல்யாணம், அப்பாவின் மருந்து இதெல்லாம் நோக்கத்துக்குக் குறுக்கே நிற்கும் தடைகள் என்று பேசும் கோச்சிடம் கவனமாக இருங்கள். அவையும் உங்கள் ஐந்து சீட்டில் ஒன்றின் பேரில்தான் நடக்கின்றன.

எங்கே கெடும்

அடிக்கடி நடப்பது, கோச்சைத் திருப்திப்படுத்த ஆரம்பிப்பது. அவர் முகம் மலர்வதைப் பார்த்துப் பதில் சொல்வோம். செய்யாததைச் செய்ததாகச் சொல்வோம். மாணவராக இருந்து பழகிய புத்தி அது. வந்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த அமர்வின் முதல் நிமிடத்திலேயே "போன தடவை நான் முழுசாச் சொல்லல" என்று சொல்லிவிடுங்கள். நல்ல கோச் கோபப்படமாட்டார். அன்றிலிருந்துதான் வேலை சூடுபிடிக்கும்.

இன்னொன்று, கோச் அறிவுரைக்கு இறங்குவது. "நீங்க ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிங்களேன்" என்று இரண்டாம் அமர்விலேயே வந்தால், "யோசனை வேண்டாம் சார், கேள்வி கேளுங்க, அதுதான் எனக்கு உதவுது" என்று சொல்லலாம். இரண்டு முறை சொல்லியும் மாறவில்லையென்றால் மீதி அமர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். 2 அமர்வுக்கு மட்டும் முதலில் கட்டச் சொன்னது இதற்காகத்தான்.

செய்வதாக ஒத்துக்கொண்டதை இரண்டு முறை தொடர்ந்து செய்யவில்லை என்றால் சோம்பேறி என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். வேலை மிகப் பெரிதாக இருந்திருக்கும், அல்லது நாளும் நேரமும் குறிக்கவில்லை, அல்லது அந்தத் திசை உங்களுடையது இல்லை. முதலில் வேலையைப் பாதியாக்குங்கள். "சனிக்கிழமை காலை 7 மணிக்குக் காபி குடித்து முடித்ததும், அந்த நம்பருக்கு போன் செய்வேன்" என்று தினமும் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். அப்படியும் நடக்கவில்லையா? திசையை மாற்றுங்கள்.

8-ஆம் வாரம் சோர்வு வரும். ஆரம்ப உற்சாகம் வடிந்திருக்கும், பதில் வந்திருக்காது. அந்த அமர்வை ரத்து செய்யத் தோன்றும். ரத்து செய்யாமல், "இன்னிக்கு எனக்குப் பேசவே தோணல" என்பதையே அந்த அமர்வின் பொருளாக வைத்துப் பேசுங்கள்.

12-ஆம் வாரம்

10 கேள்வித் தாளை மறுபடி நிரப்புங்கள். பொருள் "இருப்பது" கூடியிருந்தால் நல்லது. "தேடுவது" குறையாமலே இருந்தாலும் கவலை வேண்டாம். இரண்டும் சேர்ந்து உயரமாக இருக்கலாம். "தேடுவது" விழுந்து, "இருப்பது" அப்படியே நின்றால் அதைக் கோச்சிடம் காட்டுங்கள், தேடலைக் கைவிட்டிருக்கலாம்.

நான்காம் அமர்வில் எழுதிய வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள். திருச்சிக்காரரின் வாக்கியத்தில் இப்போது "ஒரு நேரத்தில் ஒருவரோடு" என்ற மூன்று சொல் கூடியிருக்கும். வாத்தியார் வேலை அதில் இல்லை, ராஜினாமாவும் இல்லை. கிளை மேலாளரிடம் போய், புதிதாக வருகிறவர்களின் முதல் மூன்று மாதத்தைத் தன் பொறுப்பில் விடும்படி கேட்பது இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலை, தெருவில் யாராவது ஒருவருக்கு விண்ணப்பம் நிரப்பக் கூட உட்காருவது இருக்கிறது.

கோச்சிங்கை இங்கே நிறுத்துங்கள். இன்னொரு 12 வாரத்துக்கான சலுகை வந்தாலும் உடனே சேராதீர்கள். 90 நாள் கழித்து ஒரே ஒரு 45 நிமிட அமர்வுக்கு மட்டும் தேதி குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நோட்டையும், அந்த 90 நாளில் இந்த வேலைக்குப் போன மணி நேரக் கணக்கையும் கொண்டுபோங்கள்.